முந்திக்கொண்ட செய்தி

கோவில்பட்டி ஸ்கேன் சென்டரின் பின்னறையில் அன்று காலை இருந்தவர்கள் நால்வர்: உரிமையாளர் கிறிஸ்துராஜ், படம் எடுக்கும் ஜெயஷீலா, அங்கே கம்ப்யூட்டர்களை அமைத்துக் கொடுத்த மாயகிருஷ்ணன், அவன் அப்பா உக்கிரபாண்டி. உக்கிரபாண்டியை யாரும் அழைக்கவில்லை. மகனுடைய கம்ப்யூட்டர் கடைப் பலகையில் இருப்பது தன் தகப்பனார் சோலைமுத்துவின் பெயர் என்பதால், அழைப்பு வேண்டியதில்லை என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

முந்தின நாள் பதினொரு பேரின் ஸ்கேன் படங்கள் காணாமல் போயிருந்தன. காரணத்தை நாகலாபுரத்திலிருந்து வரும் பஸ்ஸிலேயே மகன் அவரிடம் சொல்லிவிட்டான். அன்றன்றைய படங்களைச் சாயங்காலம் மொத்தமாகப் பக்கத்து அறையிலுள்ள சேமிப்புப் பெட்டிக்கு அனுப்புவார்கள். அவை துண்டுதுண்டாக நெட்வொர்க்கில் போகும். எல்லாத் துண்டும் சேர்ந்த பிறகே ‘முடிந்தது’ என்ற செய்தி திரும்பி வரவேண்டும். அந்த வரிசையைக் காக்கும் கட்டுப்பாட்டை, வேகம் கூடட்டும் என்று இவன் எடுத்துவிட்டிருந்தான். செய்தி முந்திக்கொண்டு வந்துவிட்டது. அதைப் பார்த்து ஜெயஷீலா மிஷினை அணைத்தாள். வழியில் நின்ற படங்கள் போயின.

“சோறு வாரதுக்கு முந்தியே இலைய எடுத்திருக்க! ஊருக்கே பந்தி விசாரிச்ச குடும்பம்லே நம்மது,” என்று பஸ் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் உக்கிரபாண்டி. பிறகு குரலைத் தாழ்த்தி, “அங்கன வந்து வாயத் தொறக்காத” என்றார்.

பின்னறையில் கிறிஸ்துராஜ் ஜெயஷீலாவின் பக்கம் திரும்பினார்.

“அவசரத்துல சுவிட்ச அமத்திட்டு, கம்ப்யூட்டர் மேல பழி போடுதியாம்மா?” என்றார் கிறிஸ்துராஜ்.

“முடிஞ்சுதுன்னு வந்த பெறகுதான் சார் அமத்துனேன். கண்ணால பாத்தேன்.”

“நாளையிலருந்து வரவேண்டாம்.”

“சார், அது வந்து...” என்று மாயகிருஷ்ணன் எழுந்தான். உக்கிரபாண்டி இருமினார். கோயில் கூட்டங்களில் எத்தனையோ பேரை உட்கார வைத்த இருமல் அது. மகனும் உட்கார்ந்துவிட்டான். கிறிஸ்துராஜ் உக்கிரபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க பேருக்கு ஒண்ணும் வராது அண்ணாச்சி” என்றார். பிடித்த கையை எப்போது விடுவார் என்றிருந்தது அவருக்கு.

மாயகிருஷ்ணன் கட்டுப்பாட்டை மறுபடி போட்டு முடிக்கும்வரை அவர் அங்கேயே உட்கார வேண்டியதாயிற்று. வேலை போன பெண் வீட்டுக்குப் போகாமல், எதிரே நின்று ஒவ்வொருவருக்காகப் போன் செய்துகொண்டிருந்தாள். “தப்பா எடுத்துக்காதீங்க அய்யா, மறுபடி ஒருக்கா வரணும்... ஆமாய்யா, குளத்தூர்லருந்து ரெண்டு பஸ்ஸு மாறணும், தெரியும். மன்னிச்சிருங்க.” அடுத்த எண். மறுபடி மன்னிச்சிருங்க. ஏழாவது போனில் உக்கிரபாண்டிக்குக் காது சுட்டது. இவள் ஏன் இத்தனை பணிவாகப் பேசித் தொலைக்கிறாள்? நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போனால் என்ன? பதினொன்றும் முடித்த பிறகுதான் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அவர் பக்கம் திரும்பவேயில்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மகன் கிளாஸைப் பிடித்தபடி குடிக்காமல் ஊதிக்கொண்டே இருந்தான். அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

“என்ன அண்ணாச்சி,” என்றார் கடைக்காரர் குருசாமி, எல்லாருக்கும் கேட்கும்படி. “ஸ்கேன் சென்டர்ல அந்தப் பிள்ள, வீட்டுக்கு ஓடுத அவசரத்துல சுவிட்ச அமத்திப் படத்தையெல்லாம் அழிச்சிட்டாளாம்லா?”

உக்கிரபாண்டி கிளாஸைக் கீழே வைத்தார்.

“இல்ல. அவ பொறுத்திருந்துதான் அமத்துனா. அழிச்சவன் எம் மவன்.”