பதினான்கு மணி நேரத் தூரம்

விமான டிக்கெட் போட்டே வயிறு வளர்ப்பவளிடம் தூரத்தைப் பற்றிக் கதை விட அண்ணனுக்குத்தான் துணிச்சல் வரும்.

"பன்னெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. நடுவுல ரெண்டு இடத்துல மாறணும். வந்து சேர ஒன்றரை நாள் ஆயிடும்" என்றான் வெளிநாட்டிலிருந்து போனில்.

அவள் அம்மாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். நேராக வரும் விமானம் தினமும் உண்டு, பதினான்கு மணி நேரம்தான். அடுத்த விமானத்தில் இடம் காலியாகக் கிடப்பதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அதைச் சொன்னாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அதில்லம்மா. இப்ப நான் லீவு போட்டு வந்து, அம்மா பொழச்சுக்கிட்டாங்கன்னு வை. அப்புறம் மறுபடியும் ஒரு தடவை வரணும்ல? டாக்டர்கிட்ட தெளிவாக் கேட்டுச் சொல்லேன்."

கூடப் பிறந்தவனாயிற்றே என்று இத்தனை வருடம் அவள் விழுங்கி வைத்ததெல்லாம் மேலே எழும்பியது. பெற்றவள் சாவுக்கு நாள் குறித்துக் கொடுத்தால் துரை டிக்கெட் எடுப்பாராம்! ஒரே நடையில் வேலை முடிந்துவிடும் பாருங்கள். சீ, இவனெல்லாம் ஒரு பிள்ளை.

உள்ளே போனதும் அம்மா கண்ணைத் திறந்தாள். "அண்ணன் கிளம்பிட்டானா?"

"ஏறிட்டான்மா." வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

அதிலிருந்து அவனைப் பறக்க வைப்பதே அவள் வேலையாயிற்று. இப்போது கடலுக்கு மேலே வருகிறான், இப்போது மலையைத் தாண்டிவிட்டான் என்று அவள் சொல்லச் சொல்ல, அம்மா தலையாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து வைத்தபடி கிடந்தாள். மறுநாள் காலையில் பதினான்கு மணி நேரமும் கரைந்துபோயிற்று. டிக்கெட்காரி புத்தி சும்மா இருக்குமா? வழியில் ஒரு விமான நிலையத்தை நுழைத்தாள்.

"அங்க இறங்கி வேற விமானம் மாறுறான்மா. அதான் லேட்டு."

அம்மா அவளையே பார்த்தாள்.

"அது நேரா வர்ற விமானம்டி. அவன் பொண்டாட்டியோட ரெண்டு பிரசவத்துக்கும் நான் அதுலதானே போனேன்? காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. ஆனா, வாம்மான்னு கூப்பிட்ட மறுநாளே போய் நின்னேன். எனக்கு ஒண்ணும் தூரமாத் தெரியலையே."

மகள் அம்மாவின் கால்பக்கம் போர்வையை இழுத்துவிட்டாள்.

"வர வேணாம்னு சொல்லிடு" என்று அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வராந்தாவுக்கு வந்து அண்ணனைக் கூப்பிட்டாள். "அம்மா உன்னை வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

"அப்பாடா!" என்று அவன் விட்ட பெருமூச்சு அப்படியே கேட்டது. "பேசுற அளவுக்குத் தேறிட்டாங்கன்னு சொல்லு."

அவள் போனை அணைத்துவிட்டுக் காதை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.