வெண்ணெய் இல்லை என்று சொன்ன கேக்

நான் பாடம் நடத்திய வகுப்பில் படித்த ஏழு வயதுப் பெண்ணின் பெயர் தீரில். பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எதுவுமே அவள் உடம்புக்கு ஆகாது. நாக்கில் பட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். நார்வேயில் எங்கள் வடகரைப் பக்கம் பாலாடைக்கட்டி இல்லாத சாப்பாட்டுப் பெட்டியைப் பார்ப்பது அரிது. அதனால் சாப்பிட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கை கழுவுவார்கள். பிறந்தநாள் கேக் கொண்டுவந்தால் அதில் பால் சேர்ந்த எதுவும் இருக்கக்கூடாது என்று பெற்றோரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

அதே வகுப்பில் படித்த சிவெர்ட்டின் அம்மா சோல்வைக்குக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு புள்ளைக்காக வகுப்பே பத்தியம் இருக்கணுமா, மாரித்?" என்று பெற்றோர் கூட்டத்திலேயே என்னைக் கேட்டார்; எங்கள் ஊரில் பிள்ளைகள்கூட ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சிலர் சிரித்தார்கள்.

மகனின் பிறந்தநாளன்று சாக்லேட் கேக்கோடு வந்தார்.

"வெண்ணெய் சேர்க்கலையே?" என்றேன்.

"ஐயோ, இல்லைங்க! எண்ணெய்தான்."

நம்பினேன்.

தீரில் ஒரு துண்டைக்கூட முடிக்கவில்லை. "மாரித், நாக்கெல்லாம் அரிக்குது," என்றாள். என் கண்ணெதிரே உதடு வீங்கியது. இருமினாள், பிறகு இருமக்கூட மூச்சு வரவில்லை. அலமாரியில் அவளுக்காக வைத்திருந்த ஒவ்வாமைக்கான அவசர ஊசியை எடுத்து, கால்சட்டைக்கு மேலேயே தொடையில் அழுத்தினேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஆம்புலன்ஸை அழைத்தார். என் சட்டையைப் பற்றியிருந்த அவள் விரல்கள் தளர்ந்தன. இன்னொரு ஊசி போட்ட பிறகே, விசில் சத்தத்தோடு மூச்சு உள்ளே போனது.

ஆம்புலன்ஸ் போன பின்னும் சோல்வைக் கதவோரமே நின்றிருந்தார்.

"கேக்குல என்ன போட்டீங்க?"

"கொஞ்சம் வெண்ணெய்."

"மறந்துபோயா?"

"இல்ல. தெரிஞ்சுதான். தீரில் சாப்பிட்டும் ஒண்ணும் ஆகலைன்னு அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன். அவங்கம்மாதான் பெருசு பண்றாங்கன்னு நெனச்சேன்."

அவர் பின்னால் சிவெர்ட் நின்றிருந்தான்.

"அம்மா, அவ செத்துடுவாளா?"

சோல்வைக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வந்து கேட்டபோதும் அதையே சொன்னார், எதையும் மறைக்கவில்லை.

தீரில் பிழைத்தாள். அடுத்த வாரம் பள்ளிக்கு வந்தாள். மதியம் பெட்டியைத் திறந்து, வீட்டு ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"பசிக்கலையாடா?"

"இதுல ஒண்ணும் இல்லைன்னு நிஜமாவே தெரியுமா, மாரித்?"

அவள் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். அவர் வேலையை விட்டு ஓடி வந்தார். அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து, மகள் பார்க்க ரொட்டியில் பாதியைச் சாப்பிட்டார். அம்மாவின் உதட்டை நெடுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பிறகே தீரில் மீதிப் பாதியைக் கையில் எடுத்தாள்.