சுவரில் அம்சாவின் முகம்

கிழக்கு வெளுக்கும் முன்பே அம்சா தெருவில் பாவு நீட்டிவிட்டாள். தறியில் ஏற்றுவதற்காகக் கஞ்சி போட்ட பட்டு நூல். வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரிக்காவிட்டால் ஒட்டிக்கொண்டு பாழாகும். ஆறு பேர் கை வேண்டும். கூப்பிடாமலே வருவதுதான் அந்தத் தெருவின் வழக்கம். இன்று ஒரு கதவும் திறக்கவில்லை.

கடைசியில் எதிர்வீட்டுக் கங்கையம்மாள் வந்தாள். உதவிக்கு அல்ல. கையில் ஒரு நோட்டீஸ். தறியில் உட்கார்ந்து அம்சா சிரிக்கும் படம். கீழே, 'எங்கள் நெசவாளருக்குக் கூலியில் குறையில்லை.' கூலியைக் குறைத்த பட்டுக்கடை உமாபதி முதலாளி அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியது.

"கூலி ஏத்தச் சொல்லி தெருவே மனு குடுத்துக்கினு இருக்குது. நீ சிரிச்சிக்கினு கீறியா?"

"ஐயோ அக்கா, அது போன ஆடியில எடுத்தது. அம்மனுக்குச் சாத்துற சேலை நெய்யும்போது. காலண்டர்ல போடுறேன்னாரு."

அம்மன் காரியத்துக்கு எடுக்கிற படத்துக்கு யார் எழுதி வாங்குவார்கள்? அங்கேதான் ஏமாந்தாள். சாமியைக் காட்டிக் காரியம் சாதிக்க முதலாளிகளுக்குச் சொல்லியா தர வேண்டும்!

"இதை அவராண்டயே கேளு, வா" என்றாள் கங்கையம்மாள். பாவு வெயிலில் கிடந்தது.

கடையில் முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உன் படமா? எடுக்கச் சொன்னது நான். செலவு என்னுது. தறியும் என்னுது. இதுல உன்னுது என்னம்மா இருக்குது?"

"மூஞ்சி என்னுதுங்க."

"வக்கீலக் கேட்டுட்டுதான் போட்டேன். போ."

சட்டம் என்ன சொல்கிறது என்று அம்சாவுக்குத் தெரியாது. யாரைக் கேட்பது என்றும் தெரியாது. அழக்கூடப் பயமாக இருந்தது. அழுதால் அதையும் படம் எடுத்து வேறெதையாவது எழுதிவிடுவாரே.

கங்கையம்மாள் கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேதி தெருவுக்குப் போயிற்று. உச்சிவேளைக்குள் முப்பது பெண்கள் படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலாளி ஸ்டூடியோக்காரர் தேவசகாயத்தை வரவழைத்தார்.

"ஒவ்வொருத்தி மூஞ்சியும் படத்துல விழணும். நாளையிலேர்ந்து இவளுங்களுக்குப் பாவு கிடையாது."

அம்சா சட்டென்று முந்தானையால் முகத்தை மூடினாள். எதிர்ச் சுவரில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கங்கையம்மாள் அம்சாவின் முந்தானையை விலக்கி, அவள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தாள்.

"நெருங்கி உக்காருங்கடி. எடுப்பா தேவசகாயம், இதுக்கு நாங்க சம்மதிக்கிறோம். ஒரு மூஞ்சிகூட வுட்டுடாதே."