மதிப்பெண் போடும் சவுண்ட்பார்

டிவிக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று என் கணவர் குவாங்சொக் ஒரு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். நடிகர்கள் எல்லாரும் வாய்க்குள்ளேயே முனகுகிறார்களாம். இவர் சத்தத்தைக் கூட்டுவார். தென்கொரியாவின் புச்சான் நகரத்து எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டு போங் அம்மா குச்சியால் கூரையைத் தட்டுவாள். "காது டாக்டர்கிட்ட போங்க" என்று நான் சொன்னால், அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவருக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும்.

"எனக்கென்ன கேடு? டிவியெல்லாம் இப்ப கடல்பாசித் தாள் மாதிரி மெலிசாப் பண்றான். அதுல சத்தம் எங்கேர்ந்து வரும்?"

எனக்கு அவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. தூரத்துக் கிழக்குக் கடற்கரை ஊரான காங்னுங்கில் நூடுல்ஸ் கடை நடத்தும் என் அக்கா, கூட்டாளியாக வா என்று கூப்பிட்டிருந்தாள். வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த வயதில் எனக்கென்று ஒரு வேலை! எனக்கு அவ்வளவு ஆசை. காரில் சொன்னேன், கிம்சி ஊறுகாய்க்குக் கோசு நறுக்கும்போது சொன்னேன், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். அவருடைய "ம்" சம்மதமாகவும் இருக்கலாம், யாரது என்ற கேள்வியாகவும் இருக்கலாம். கத்திச் சொல்லலாம்தான். ஆனால் ஆசையைக் கத்திச் சொன்னால் அது சண்டையாகத்தான் போய் விழுகிறது.

ஒரு சனிக்கிழமை, டிவிக்கு அடியில் வைக்கும் ஒலிபெருக்கிப் பட்டையான சவுண்ட்பார் வாங்கக் கிளம்பினோம். கடையில் மேசை நீளத்துக்கு ஏழெட்டுக் கறுப்புப் பட்டைகள் வரிசையாக இருந்தன. விற்கிற பையன் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தான்.

"அப்பா, இதக் கேளுங்க. ஹெலிகாப்டர் தலைக்கு மேலயே பறக்கும். கூட ஒரு பெரிய பெட்டி இருக்கு, அடிச்சா தரையே அதிரும்."

"தரை அதிர்ந்தா கீழ்வீட்டுக்காரி மேல வந்து நிப்பாப்பா," என்றேன்.

"அடுக்ககமா அம்மா? அப்ப பெட்டி வேணாம். பட்டை மட்டும் போதும்."

ஹெலிகாப்டரை இவர் மதிக்கவில்லை. "மனுசன் பேசறது கேக்கணும்" என்று சொல்லி, மாமியார் அழுகிற சீரியல் காட்சி ஒன்றைப் போடச் சொன்னார். ஒவ்வொரு பட்டை முன்னாலும் கண்ணை மூடி நின்றார். ஒன்று மூக்கடைத்துப் பேசுகிறதாம், இன்னொன்றில் மாமியார் பொய்யாக அழுகிறாளாம். ஐந்தாவதன் முன்னால் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஆகா! இதுதான். பேச்சு எவ்வளவு சுத்தம்!"

"அப்பா, அது வந்து... அத இன்னும் ஆன் பண்ணலை."

பாவம், பையனுக்குத்தான் வேர்த்தது. இவர் துளிகூட அசரவில்லை. "அணைச்சு வச்சே இப்படின்னா, போட்டா எப்படி இருக்கும்! இதையே கட்டு" என்றார். பாட்டுப் பாட ஒரு மைக்கும் அதோடு சும்மா வந்தது; பாடி முடித்தால் பட்டையே மார்க் போடுமாம்.

வீட்டில் பட்டையை மாட்டியதும் சீரியல் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசினாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா தாஹே அம்மா, கோளாறு டிவிலதான்!" என்றார்; மகள் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார். "சாப்பிட வாங்க" என்று சமையலறையிலிருந்து நான்கு தடவை கூப்பிட்டேன். ம்கூம். கடுப்பில் மைக்கை எடுத்து அழுத்தினேன்.

"சோறு ஆறிப்போகுது!"

"இதோ வந்துட்டேங்க!" என்று டிவியைப் பார்த்துக் கும்பிடாத குறையாக எழுந்தார். உடனே எக்காளம் முழங்கியது. பட்டைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சொன்னது: "அறுபத்து மூன்று! இன்னும் கொஞ்சம் உணர்ச்சியோடு பாடுங்கள்."

அன்றிலிருந்து எங்கள் குடித்தனத்துக்கு மார்க் போட ஆள் வந்துவிட்டது. "குப்பையக் கொண்டு போட்டுட்டு வாங்க" எண்பத்தெட்டு வாங்கியது. மனிதர் எச்சில் குப்பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினார். "ஈரத்துண்ட மெத்தை மேல போடாதீங்க" ஐம்பதுதான். "பாஸ் மார்க்கே வரலையே" என்று அதை அவர் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் போங் அம்மா கதவைத் தட்டினாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று பயந்து திறந்தேன்.

"ஏன் அக்கா, நேத்து துண்டுக்கு எத்தனை வந்துச்சு? கீழ பேச்சு தெளிவாக் கேக்குது, மார்க்கு மட்டும் கேக்கல."

"ஐம்பது."

"அநியாயம்! நானா இருந்தா தொண்ணூறு போட்டிருப்பேன்."

நாளைக்குள் பதில் வேண்டும் என்று அக்கா போன் செய்தாள். அன்று மாலை சீரியல் முடிந்ததும் மைக்கோடு டிவிக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான் காங்னுங் போறேன். அக்கா கடைல வேலைக்கு. வாரத்துல அஞ்சு நாள் அங்கதான் இருப்பேன். எனக்கு ரொம்ப ஆசையா இருக்குங்க."

எக்காளம் நிற்காமல் முழங்கியது. "நூறு! நூற்றுக்கு நூறு! நீங்கள் பிறவிப் பாடகர்!"

இவர் துள்ளி எழுந்தார். காசு கட்டி மைக்கில் பாடும் பாட்டு அறையில் யாருக்கு நூறு விழுந்தாலும் எங்கள் ஊர் ஆண்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார்: கைதட்டினார், பையிலிருந்து பத்தாயிரம் வோன் தாளை உருவினார், எச்சில் தொட்டு டிவி திரையில் ஒட்டினார். ஒட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. கீழே போங் அம்மா கூரையைத் தட்டி ஆரவாரம் செய்தாள்.

மெதுவாகத் திரும்பி என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். "என்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

"நாற்பத்தொன்று! பயிற்சி தேவை."

"மூணு தடவை சொன்னேன்," என்றேன், மைக் இல்லாமல். அவர் என் உதட்டையே பார்த்தார். புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. முதல் தடவையாக, புரியவில்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை. எனக்குக் கோபம் போய், தாங்க முடியாத வருத்தம் வந்தது.

பட்டையை அணைத்தார். மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து, குனிந்து, காதை என் வாய்க்கு அருகில் கொண்டுவந்தார்.

"இப்பச் சொல்லு."

"மூணு தடவை சொன்னேங்க."

குனிந்தபடியே கேட்டார்: "அங்க போயிட்டா போன்லதானே பேசணும்?"

"ஆமா."

"போனுக்கு இந்த மாதிரி பட்டை விக்க மாட்டான்ல?"

"மாட்டான்."

"காது டாக்டர் எத்தனை மணிக்குத் தொறப்பாரு?"

"ஒம்பதுக்கு."

"என்னது?"

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காதோடு வாயை வைத்து மறுபடி சொன்னேன்.