இரண்டு வால்வு

பம்பின் வாயிலிருந்து நான் உருவி எடுத்தது ஒரு முழுப் பனியன். அதோடு பின்னிக்கொண்டு டயபர், முகம் துடைக்கும் ஈரத்தாள், ஒற்றைச் சாக்ஸ். கழிவறையில் போட்டு ஃப்ளஷ் செய்துவிட்டால் எல்லாம் மாயமாகிவிடும் என்று எங்கள் குடியிருப்பில் அத்தனை பேருக்கும் நினைப்பு. மாயமெல்லாம் ஆவதில்லை, என்னிடம்தான் வருகிறது.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் பகல் நேர ஆள். நிலையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகை, வீடுகளின் கழிவு வந்து விழும் கிணறு, சில தொட்டிகள், அவ்வளவுதான். கிணற்றிலிருந்து பம்ப் ஏற்றிவிடும். தொட்டியில் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் அதில் பெருகும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். சேறு அடியில் தங்க, தெளிந்த நீர் ஆற்றுக்குப் போகும். எல்லாவற்றுக்கும் பம்ப் ஓட வேண்டுமே! இரண்டு பம்பில் ஒன்று செத்து மாதக்கணக்காகிறது. "பார்ப்போம்மா, பார்ப்போம்" என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார் குடியிருப்புச் சங்கத் தலைவர். இன்று காலை மற்றதும் புகைந்து நின்றுவிட்டது. மெக்கானிக் வர மத்தியானம் ஆகுமாம்.

ஊரே குளிக்கிற நேரம். கிணறு கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. தலைவருக்கு போன் போட்டேன்.

"பக்கத்துல ஒரு வால்வு இருக்குல்ல? அதைத் திறந்து விடும்மா. நேரா ஆத்துக்குப் போயிடும்."

"நேரா போகக் கூடாதுன்னுதானே சார் இதைக் கட்டியிருக்கு?"

"ஒரு வேளைக்குத்தானே? ஓடுற தண்ணி, தானா சரியாயிடும். வீடு நிறைய விருந்தாளிங்க. கக்கூஸ் வழியா மேல வந்துச்சுன்னா என் மானம் போயிடும். திறக்கறதா இருந்தா இரு, இல்லேன்னா நாளைக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆற்றின் அடுத்த வளைவில்தான் என் அக்கா வீடு. போன மழைக்காலத்தில், எனக்கு முன்னால் இங்கே இருந்தவர் இதே வால்வைத் திறந்துவிட்டார். மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அந்தத் தண்ணீரில் குளித்த அக்காவின் சின்ன மகள் ஆஸ்பத்திரியில் கிழிந்த நாராகக் கிடந்தாள். ஊசி போட நரம்பு அகப்படாமல் அவள் கையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். "பசங்கன்னா வயித்தால போகத்தான் செய்யும்" என்றார் இதே தலைவர். அவர் மானம் மட்டும் போகக் கூடாது.

சுவரில் இரண்டு வால்வுச் சாவிகள் தொங்கின. ஒன்று ஆற்றுக்கு. இன்னொன்று பக்கத்திலிருக்கும் குடிநீர்த் தொட்டிக்கு. அங்கிருந்துதான் எல்லா வீடுகளுக்கும் தண்ணீர் போகிறது, திறந்து மூடுவதும் நான்தான். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே தண்ணீர் போனால்தானே வெளியே கழிவு வரும்?

அந்தச் சாவியை எடுத்துப் போய், இருந்த கோபத்தையெல்லாம் கையில் போட்டுக் குடிநீர் வால்வைத் திருகி மூடினேன்.

முதல் போன் என் வீட்டுக்காரரிடமிருந்து. "என்ன தண்ணி வரல? வாயில பேஸ்ட்டோட நிக்கறேன்."

"துப்பிட்டு வேலைக்குப் போங்க."

கொஞ்ச நேரத்தில் கொட்டகை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அதை விலக்கிக்கொண்டு தலைவர் வந்தார், இடுப்பில் துண்டும் தலை நிறைய ஷாம்பூ நுரையுமாக.

"யாரைக் கேட்டு மூடின?"

"யாரைக் கேட்டு சார் ஆத்துல விடச் சொன்னீங்க?"

"முதல்ல திறடி!"

"டி போட்டுப் பேசற வேலை வேண்டாம்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பனியனையும் மற்றதையும் தூக்கி அவர் காலடியில் போட்டேன். ஓரிருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "இது உங்க எல்லார் வீட்டுலேருந்தும் வந்ததுதான், நல்லா பாருங்க. பம்ப் ஓடினதும் திறக்கறேன். அதுவரைக்கும் ரெண்டு சாவியும் எங்கிட்டதான் இருக்கும். நாளைக்கு வேற ஆளைப் பார்த்துக்கோங்க."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். நெற்றியிலிருந்து நுரை வழிந்து இரண்டு கண்ணிலும் இறங்கியது. "ஐயோ, எரியுதே! தண்ணி, தண்ணி!" என்று கையை நீட்டினார். யாரிடமும் இல்லை. ஒருவர் தோளைப் பிடித்து ஆற்றுப் படியில் இறக்கிவிட்டார்.

கடைசிப் படியில் குந்தினார். அவர் தலைக்கு நேர் மேலே, நான் திறக்காத கழிவுக் குழாயின் வாய் காய்ந்து கிடந்தது. குனிந்து இரண்டு கையாலும் ஆற்றை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். திரும்பத் திரும்ப அள்ளினார். பிறகு ஒரு கை எடுத்து வாயும் கொப்பளித்தார்.