அவரவர் ஜோடிக்கு

எங்கள் நடனக் குழுவில் ஆண்களுக்கு எப்போதும் பஞ்சம். நாளெல்லாம் கட்டட வேலை பார்த்துவிட்டு வரும் ஆம்பளைகளுக்கு முதுகு நிமிராது. நிமிர்ந்தாலும் டிவியில் கால்பந்து பார்க்கத்தான் நிமிரும். அதனால் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவிலிருந்து டொராண்டோவுக்கு நான் வந்து சேர்ந்த வருஷத்திலிருந்தே எனக்கு ஆண் வேஷம்தான். கால்சட்டை, கையில்லாத கறுப்புக் கோட்டு, அகலமான தொப்பி. என் ஜோடி தியோலிந்தா. அவளுக்கு பேக்கரியில் வேலை. பாவாடை விரிய அவள் சுழலும்போது இனிப்பு ரொட்டி வாசனை அடிக்கும். பெண்ணும் பெண்ணும் ஏன் ஆடுகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆள் குறைந்தால் கிடைத்த கையைப் பிடித்துக்கொண்டு ஆடுவது எங்கள் ஊர் வழக்கம்.

அந்தக் கையை ஆட்டம் முடிந்தும் நான் விடவில்லை. எங்களுக்கு வீடு ஒன்று, அடுப்பு ஒன்று, கட்டிலும் ஒன்று. வாடகை மிச்சமாகிறது என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தோம். ஊரும் நம்பியது, அல்லது நம்பிய மாதிரி நடித்தது. எது என்று கிளறிப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை. தெரிந்துபோனால் பேக்கரி, சர்ச், அவளுடைய அண்ணன் குடும்பம் எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போகும் என்பது தியோலிந்தாவின் பயம். ட்ராமில் என் தோள் அவள் மேல் பட்டால்கூட முன்னும் பின்னும் பார்ப்பாள்.

இந்த வருஷம் ஜூன் மாதம் வந்து எங்களை மாட்டிவிட்டது. எங்கள் போர்த்துகீசிய மரபு மாதமும் ஜூன்தான், பிலிப்பைன்ஸ்காரர்களுடையதும் ஜூன்தான், வானவில்காரர்களின், அதாவது எங்களைப் போல ஜோடி சேர்ந்தவர்களின், பிரைடு விழாவும் ஜூன்தான். இத்தனை பேருக்கும் சமூகக் கூடத்தில் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை. சேர்ந்தே கொண்டாடிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மேடைக்கு மேலே எங்கள் பருந்துக் கொடி, பிலிப்பைன்ஸின் சூரியக் கொடி, நடுவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக வானவில் கொடி. பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதெலினு மாமா உடை மாற்றும் அறைக்கு வரும்வரை.

குழுவை நடத்துவது அவர்தான். ஆடும்போது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று குரல் கொடுப்பதும் அவர்தான். அன்றைக்கு அவர் பின்னால் முப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு வாட்டசாட்டமான ஆள் நின்றிருந்தான். பெயர் எல்டர், ஊரிலிருந்து போன மாதம்தான் வந்து இறங்கியிருக்கிறான் என்று அறிமுகம் செய்தார். புதையல் எடுத்தவர் மாதிரி அவர் முகம் மலர்ந்திருந்தது.

"இனிமே உனக்குத் தொப்பி வேணாம் பொண்ணே. ஆம்பள கெடச்சாச்சு. தியோலிந்தாவோட இவன் ஆடட்டும், நீ பலகாரக் கடையைப் பாத்துக்க."

அடுத்த நிகழ்ச்சியிலிருந்து மாற்றிக்கொள்ளலாமே, ஏன் இன்றைக்கே என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இத்தனை வருஷம் யாரும் எதுவும் நினைக்கவில்லை, ஆனால் இன்றைக்கு அந்தக் கொடிக்குக் கீழே நீங்கள் இரண்டு பேரும் கைகோர்த்து ஆடினால் பார்க்கிறவர்கள் உங்களைத் தப்பாக நினைத்துவிடுவார்கள் என்றார். எங்கள் நல்ல பெயரைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடுபட்டு ஆள் பிடித்து வந்தாராம். மனிதர் மனசில் துளிக் கள்ளம் கிடையாது. கள்ளம் இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். எங்களுக்கென்று கட்டிய கொடியே எங்களைப் பிரிக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. வாயைத் திறந்தால் போவது தியோலிந்தாவின் மானம். தொப்பியைக் கழற்றி எல்டரிடம் நீட்டினேன்.

தியோலிந்தா கண்ணாடியைப் பார்த்தபடி தலைத் துணிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். வாயில் இன்னொரு ஊசி. அவள் பேசமாட்டாள் என்று நினைத்தேன். அவள் வாயிலிருந்த ஊசியை எடுத்தாள்.

"யாரும் தப்பா நெனைக்கப் போறதில்ல மாமா. அவங்க என்ன நெனைப்பாங்களோ அதுதான் நெசம்."

வெளியே பிலிப்பைன்ஸ்காரர்களின் மூங்கில் ஆட்டத்துக்குக் கைதட்டல் கேட்டது. எல்டர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எப்போலேருந்து?"

"நீங்க எங்களை ஜோடி சேத்துவிட்டதுலேருந்து," என்றாள்.

அவர் திரும்பி வெளியே போய்விட்டார். ஆடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்டர்தான் தொப்பியை என் தலையில் திருப்பி வைத்தான். தனக்கு இந்த ஆட்டம் அரைகுறையாகத்தான் தெரியும், பலகாரக் கடை என்றால் முழுதாகத் தெரியும் என்று சொல்லிவிட்டு நழுவினான்.

நாங்கள் ஜோடியாக மேடையேறி நின்றதும் கிடார் ஆரம்பித்தது. சமரீட்டா எங்கள் தீவின் வட்ட ஆட்டம். குரல் கொடுப்பவர் சொல்வதுதான் சட்டம். மறுத்தால் வட்டம் உடைந்துவிடும். அதெலினு மாமா மேடை ஓரத்தில் வந்து நின்றார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வழக்கமாக ஆட்டம் பாதியைத் தாண்டிய பிறகுதான் ஜோடி மாற்றச் சொல்வார். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். தியோலிந்தாவின் கை என்னைவிட்டு பிளம்பர் கார்லுவின் கைக்குப் போனது.

ஓரிரு தடவை மாறியதும் அவரவர் ஜோடிக்குத் திரும்பச் சொல்வார். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுபடி மாற்று என்றார், மறுபடியும் மாற்று என்றார். தியோலிந்தா வட்டத்தின் எதிர்ப்பக்கம் போய்விட்டாள். அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. சுற்றிச் சுற்றி ஒருமுறை என் பக்கத்தில் வந்தாள். கையை நீட்டுவதற்குள் மாற்று என்று குரல் வந்தது, போய்விட்டாள். கிடார்காரர் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். கூட்டத்தின் முன்வரிசையில் தியோலிந்தாவின் அண்ணன் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இதுதான் தீர்ப்பு, நாங்கள் எதிரெதிரே நிற்கையில் ஆட்டத்தை முடித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"அவங்கவங்க ஜோடிக்கு," என்றார் மாமா.

குரல் கரகரத்து வந்தது. மற்றவர்கள் எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். நான் காதில் விழுந்ததை நம்பாமல் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு தாளம் தப்பியது. அப்போதுதான் அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"லியொனில்டா, உன்னத்தான் சொல்றேன். உன் ஜோடிகிட்ட போ."

அவ்வளவு பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். நான் மேடையைக் குறுக்கே கடந்து போனேன். தியோலிந்தாவின் கை வியர்த்துச் சில்லிட்டிருந்தது. அவள் முன்னும் பின்னும் பார்க்கவில்லை.