குழாய் வளைந்த இடம்

கட்டப்போகும் ஆஸ்பத்திரியை முதலில் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்ப்பதுதான் மாடல்காரரின் வேலை. உயரம் புரிய அதில் மனித உருவங்களை நிறுத்துவார்கள். மாடல்காரர் மகராசன், இறந்துபோன தன் மனைவியையே பச்சைச் சேலையோடு நான்காம் மாடி ஜன்னலோரம் நிறுத்திவிட்டார். ஆபீசே கிசுகிசுத்தது.

எது எதோடு இடிக்கிறது என்று கம்ப்யூட்டர் காட்டும் மோதல் பட்டியலில், தண்ணீர்க் குழாய் அவள் நெஞ்சைத் துளைத்துப் போவதாக வந்தது.

"அண்ணே, அந்தப் பொம்மைய அழிச்சிடுங்க," என்றாள் இன்ஜினியர்.

"சரிம்மா," என்றவர் குழாயை வளைத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, எழும்பிய கட்டடத்தின் நான்காம் மாடியில் பிளம்பர் வரைபடத்தைப் பார்த்துக் கத்தினார்: "இங்க ஒண்ணுமே இல்லையே சார்! எதுக்கு இப்படிச் சுத்தி வளைக்கணும்?"

"ஒண்ணும் இல்லதாம்ப்பா. நேராவே போட்டுடு."

சொல்லிவிட்டு மகராசன், அந்த வெற்றிடத்தைச் சுற்றி நடந்துபோய் ஜன்னலருகே நின்றார்.